கடை வெளிச்சத்தில் ஒரு நிறம், வாசலில் ஒரு நிறம்: துணியின் உண்மையான நிறம் எது?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவை எடுத்தோம். ரவிக்கைக்கு அதே கடையில் தனியாகத் துணி எடுத்தோம். புடவை மேல் விரித்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே நிறம், துளி வித்தியாசம் இல்லை. வீட்டுக்கு வந்து வாசல் திண்ணையில் பிரித்தால் புடவை நீலம் ஓடிய கத்தரிப்பூ, ரவிக்கைத் துணி நன்றாகவே செம்மை ஓடிய கத்தரிப்பூ. இரண்டையும் உள்ளே எடுத்துப்போய் எல்இடி விளக்கின் கீழ் வைத்தால் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன.

"சிவப்புப் பொருள் சிவப்பு ஒளியைப் பிரதிபலிக்கிறது, மற்றதை உறிஞ்சிக்கொள்கிறது" என்று பள்ளியில் படித்தேன். அது மட்டும்தான் விஷயம் என்றால் கடையில் ஒத்துப்போனது வாசலிலும் ஒத்துப்போக வேண்டுமே? இதில் எதை உண்மையான நிறம் என்று எடுத்துக்கொள்வது?

லேப்_டிப் எழுதியது:

அக்கா, கடைக்காரங்க மேல தப்பு இல்ல. நான் திருப்பூர்ல சாயப்பட்டறை லேப்ல வேலை பாக்குறேன், எங்களுக்கு இது தினமும் நடக்குறதுதான். மெட்டாமெரிசம்னு சொல்லுவோம். ரெண்டு துணி ஒரு வெளிச்சத்துல ஒண்ணாத் தெரியும், இன்னொரு வெளிச்சத்துல பிரிஞ்சிடும்.

அதனாலதான் துணி வாங்குற பையர் லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டு, கேக்கறப்பவே எந்த விளக்குல பாக்கணும்னு எழுதிக் குடுத்துடுவாங்க. கலர் மேட்சிங் கேபினட்னு ஒரு பெட்டி இருக்கும், உள்ள முழுக்க சாம்பல் பெயிண்ட். சுவிட்ச் போட்டா விளக்கு மாறும். டி65 பகல் வெளிச்சத்துக்கு, டிஎல்84 கடைக் குழல்விளக்குக்கு, ஏ பழைய குண்டு பல்புக்கு, அப்புறம் புறஊதாவுக்கு ஒரு யூவி. டி65ல அச்சா ஒத்துப்போற துணி குண்டு பல்புல சிவந்து போயிரும். கத்தரிப்பூ, நேவி புளூ, காக்கி, சாம்பல், பிரவுன் இதெல்லாம் ரொம்பப் படுத்தும்.

உங்க புடவை பட்டு, அதுக்கு ஆசிட் சாயம் போட்டிருப்பாங்க. ரவிக்கைத் துணி காட்டனா இருந்தா ரியாக்டிவ், பாலியஸ்டர் கலந்திருந்தா டிஸ்பர்ஸ். சாயமே வேற, அதுல நீலத்தையும் சிவப்பையும் கலக்குற கணக்கும் வேற. ஒரே நிறத்துக்கு ரெண்டு வழியில வந்து சேந்திருக்காங்க. ஏன் பிரியுதுங்கிற இயற்பியலை இங்க இருக்கற வாத்தியார் சொன்னா நல்லா இருக்கும்.

முப்பட்டகம் எழுதியது:

தம்பி அழைத்துவிட்டார், சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண். ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளியைத்தான் நாம் காண்கிறோம். அதில் கணக்கற்ற அலைநீளங்கள் கலந்து வந்தாலும் விழித்திரையில் அவற்றைப் பிரித்தறிய இருப்பவை மூன்று வகைக் கூம்புச் செல்கள்தான். ஒன்று 420க்கு அருகிலும், இன்னொன்று 530க்கு அருகிலும், மூன்றாவது 560க்கு அருகிலும் அதிகமாகத் தூண்டப்படும். வந்து சேரும் ஒளி எப்படிப்பட்டதாக இருந்தாலும் மூளைக்குப் போவது மூன்று அளவுகள்தான். ஆகவே முற்றிலும் வேறான இரண்டு ஒளிக்கலவைகள் அந்த மூன்று அளவுகளையும் ஒன்றுபோல் தந்துவிட்டால் நமக்கு அவை ஒரே நிறம். உங்கள் கைப்பேசித் திரையில் மஞ்சள் தெரிகிறதே, அங்கே மஞ்சள் அலைநீளம் என்று தனியாக எதுவும் புறப்படுவதில்லை. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் சேர்ந்து, எலுமிச்சம்பழத்திலிருந்து வரும் ஒளி எழுப்புகிற அதே மூன்று அளவுகளை எழுப்பிவிடுகின்றன.

அடுத்து விளக்கு. வெயிலில் எல்லா அலைநீளமும் தாராளமாக இருக்கிறது. வழக்கமான வெள்ளை எல்இடி உண்மையில் 450 நானோமீட்டர் அருகே ஒளிரும் ஒரு நீல எல்இடி. அதன்மேல் மஞ்சள் பாஸ்பர், அதாவது நீல ஒளியில் ஒரு பங்கை வாங்கி மஞ்சளாக வெளியிடும் பொருள், பூசியிருக்கிறார்கள். நீலமும் அந்த மஞ்சளும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகின்றன. (அந்த நீல எல்இடிக்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு.) இந்த வெள்ளையின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தால் நீலத்தில் ஒரு கொடுமுடி, 480 அருகே பள்ளம், மஞ்சளில் ஒரு மேடு. ஆழ்ந்த சிவப்புக்குப் போகப் போகச் சரிவு.

இப்போது உங்கள் ரவிக்கைத் துணியின் சாயம் 650 நானோமீட்டருக்கு மேலுள்ள ஆழ்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்புகிறது, புடவையின் சாயம் அவ்வளவு அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்வோம். கடை விளக்கில் ஆழ்சிவப்பே குறைவு. இல்லாததை எந்தத் துணியும் திருப்பி அனுப்ப முடியாது, அதனால் வேறுபாடு வெளிவரவில்லை. வாசலில் ஆழ்சிவப்பு கொட்டுகிறது, ரவிக்கை சிவந்துவிட்டது.

கேள்விக்குறி எழுதியது:

சார், அப்படியானால் பொருளுக்கு நிறமே இல்லை, எல்லாம் விளக்கும் மூளையும் செய்கிற வேலை என்கிறீர்களா? எனக்கு அது ஒப்பவில்லை. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மஞ்சள் மஞ்சளாகத்தானே இருக்கும்?

முப்பட்டகம் எழுதியது:

நல்ல கேள்வி, நியூட்டனே நின்று பதில் சொன்ன கேள்வி. கதிர்களுக்கே நிறம் கிடையாது, இன்ன நிற உணர்வைத் தூண்டும் தன்மைதான் அவற்றுக்கு உண்டு என்று 1704இல் வெளியான தமது ஒளியியல் நூலில் அவர் எழுதினார். அதற்காகப் பொருளுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. எந்த அலைநீளத்தில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்பும் என்கிற வரைகோடு பொருளுக்கே உரியது. விளக்கை மாற்றினாலும் ஆளை மாற்றினாலும் அந்தக் கோடு மாறாது. தம்பி லேபில் இருக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் அளப்பது அதைத்தான். ஆகவே நூல்கண்டு அம்மாவுக்கு என் பதில்: உண்மை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்த வரைகோட்டைச் சொல்லுங்கள். "கத்தரிப்பூ" என்பது அந்தக் கோடும், மேலே விழும் வெளிச்சமும், நம் கண்ணும் சேர்ந்து கொடுக்கும் விடை.

மஞ்சளையே எடுத்துக்கொண்டீர்கள், அதுவே நல்ல உதாரணம். பாடப்புத்தகத்தின் "பிரதிபலிக்கிறது" என்ற சொல் எனக்கு என்றைக்குமே நிறைவு தந்ததில்லை. ஒளி மேற்பரப்பில் பட்டுப் பந்து போலத் திரும்பிவிடுவதில்லை. மேற்பரப்பில் பட்டவுடன் திரும்புவது சிறு பங்குதான், அதில் நிறமே இருக்காது. மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தின் வயிற்றில் மின்னும் புள்ளி வெள்ளையாக இருப்பதைப் பாருங்கள். மற்ற ஒளி உள்ளே நுழைகிறது, துகள்களுக்கிடையே சிதறி அலைகிறது, வழியில் நிறமி மூலக்கூறுகளிடம் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. தப்பித்து வெளியே வருவதுதான் நாம் காணும் நிறம். (தங்கம் போன்ற உலோகங்களின் கதை வேறு. அங்கே மின்னும் புள்ளியே பொன்னிறமாக இருக்கும், ஏனென்றால் மேற்பரப்பே நீலத்தைக் குறைத்துத்தான் திருப்புகிறது.)

மஞ்சளில் உள்ள குர்குமின் மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி நீளமாகத் தொடர்கின்றன. அந்தத் தொடர் நெடுகிலும் பரவியிருக்கும் எலக்ட்ரான்களை மேல்நிலைக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல், ஊதா நீல ஒளியின் ஆற்றலோடு பொருந்துகிறது. ஆகவே 420, 430 நானோமீட்டர் அருகே ஒளி விழுங்கப்பட்டுப் பெரும்பாலும் வெப்பமாகிவிடுகிறது. மிச்சம் மஞ்சள்.

இனி ஆரத்திக்கு வருவோம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் நொடியில் சிவக்கிறது. சிவப்புச் சாயம் எதையும் நாம் ஊற்றவில்லை. சுண்ணாம்பின் காரம் குர்குமினிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்கிறது, எலக்ட்ரான்கள் இன்னும் தளர்வாகின்றன, குறைந்த ஆற்றலே அவற்றைத் தூக்கப் போதுமானதாகிறது. விழுங்கும் இடம் பச்சையை நோக்கி நகர்ந்துவிடுகிறது. பச்சை போனால் மிஞ்சுவது சிவப்பு. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சள். இதைவிடத் தெளிவாக, நிறம் என்பது எது கழிந்தது என்பதன் கணக்கு என்று காட்டும் சோதனை நம் வீடுகளில் வேறு இல்லை.

நூல்கண்டு எழுதியது:

சார், கையெடுத்துக் கும்பிடுகிறேன். இத்தனை வருடம் ஆரத்தி கரைத்திருக்கிறேன், ஏன் என்று யோசித்ததில்லை.

அப்படியானால் வானவில்லில் உள்ள ஏழு நிறங்களில் எதைக் கழித்து வாடாமல்லி நிறம் வருகிறது? வானவில்லில் வாடாமல்லியைப் பார்த்ததாகவே நினைவில்லை.

முப்பட்டகம் எழுதியது:

நினைவில்லாததற்குக் காரணம், அது அங்கே இல்லை. எந்தத் தனி அலைநீளமும் வாடாமல்லி நிறத்தைத் தராது. நடுவில் உள்ள பச்சையைக் கழித்து, இரு கோடிகளிலும் உள்ள சிவப்பையும் நீலத்தையும் விட்டுவைத்தால்தான் அந்த உணர்வு எழும். பழுப்பும் வானவில்லில் இல்லை. சுற்றியிருப்பதைவிட மங்கலாகத் தெரியும் ஆரஞ்சைத்தான் நாம் பழுப்பு என்கிறோம்.

கரிச்சான் எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். எல்லா நிறமும் கழித்தல் கணக்கு என்று முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பறவை பார்ப்பவன். மயிலிறகை எடுத்துப் பாருங்கள். அதில் நீல நிறமியோ பச்சை நிறமியோ கிடையாது. இருப்பது மெலனின், நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே பொருள். இறகைப் பொடியாக அரைத்தால் நீலப்பொடி வராது, மங்கிய பழுப்புத்தான் வரும்.

இறகின் ஒவ்வொரு நுண்ணிழையிலும் மேல்தோலுக்குக் கீழே மெலனின் குச்சிகள் கெரட்டின் என்னும் புரதத்தால் பிணைக்கப்பட்டு, காற்று இடைவெளிகளோடு, வரிசை வரிசையாகக் கட்டம்போட்டதுபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன. 2003இல் சீன ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்தபோது நீலப் பகுதியில் குச்சிக்குக் குச்சி இடைவெளி ஏறத்தாழ 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165 என்று வந்தது. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது, அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும் வலுக்கிறது, மற்றவை ஒன்றையொன்று அழிக்கின்றன. பத்து நானோமீட்டர் கூடியதற்கே நீலம் பச்சையாகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

ராபர்ட் ஹூக் 1665இலேயே நுண்ணோக்கியில் மயிலிறகைப் பார்த்து, தண்ணீரில் நனைத்தால் அதன் நிறங்கள் மறைவதைக் குறித்து வைத்தார். சாயம் என்றால் நனைத்ததும் போகாது.

நூல்கண்டு எழுதியது:

கரிச்சான் அண்ணா, அம்மாவின் மயில் கழுத்துப் பட்டு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் நீலம், மறுபக்கம் பச்சை. அதுவும் இந்த மாதிரிதானா?

லேப்_டிப் எழுதியது:

இல்ல அக்கா, அது தறியோட வேலை. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். பாவு நீலம், ஊடை பச்சைன்னு வெச்சுக்கோங்க. ரெண்டுமே சாதாரணமாச் சாயம் போட்ட நூல்தான். பட்டு இழை வழவழன்னு இருக்கறதால ஒவ்வொரு நூலும் தன் நீளத்துக்குக் குறுக்கேதான் வெளிச்சத்தை விசிறும். பாவு நீளவாக்குல, ஊடை குறுக்கால போறதால, புடவையைத் திருப்புறப்போ ஒரு நேரம் பாவு தூக்கலா மின்னும், இன்னொரு நேரம் ஊடை மின்னும். மடிப்புல ரெண்டும் மாறி மாறி ஓடும். காட்டன்ல இதே மாதிரி நெய்தா இவ்வளவு தூக்கலா வராது, அந்த மினுமினுப்பு இல்லாததால.

சோதிக்கணும்னா ஓரத்துல இருந்து ஒரு ஊடை நூலையும் ஒரு பாவு நூலையும் பிரிச்சு வெள்ளைத் தாள் மேல வைங்க. எப்படித் திருப்பினாலும் நீலம் நீலமா, பச்சை பச்சையாவே இருக்கும்.

கரிச்சான் எழுதியது:

அருமை தம்பி. மயிலிறகின் ஒரே ஓர் இழையைப் பிரித்து வைத்தாலும் அது திருப்பத் திருப்ப மாறும். வித்தியாசம் அங்கேதான்.

நெய்தல் எழுதியது:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். கடலைப் பற்றி யாரும் பேசவில்லையே. கடல் நீலமாக இருப்பது வானம் அதில் தெரிவதால் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். வாளியில் மொண்டால் நீலம் இல்லை. இதில் சாயமும் இல்லை, மயிலிறகு அடுக்கும் இல்லை.

முப்பட்டகம் எழுதியது:

வானம் பிரதிபலிப்பதால்தான் என்று சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, ராலே பிரபு. வானம் ஏன் நீலம் என்பதற்குச் சரியான விளக்கம் தந்தவரே அவர்தான். அலைநீளம் குறையக் குறைய, காற்று மூலக்கூறுகளின் சிதறல் அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 700 நானோமீட்டர் சிவப்பைவிட 450 நானோமீட்டர் நீலம் ஏறத்தாழ ஆறு மடங்கு சிதறும்.

கடல் விஷயத்தில் அவரை மறுத்தவர் நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். 1921இல் ஐரோப்பா போய்த் திரும்பும் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கையில் இருந்தது ஒரு நிக்கோல் பட்டகம், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம். நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி முனைவாக்கப்பட்டிருக்கும், அதாவது ஒரே திசையில் அதிரும், பட்டகத்தைத் திருப்பி அதை அடைத்துவிடலாம். வானத்தின் பிம்பத்தை அப்படி அடைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னைவிட அழுத்தமாகத் தெரிந்தது. ஆக நீலம் நீருக்குள்ளிருந்து வருகிறது. மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதைப் பற்றி அவர் தொடர்ந்து நடத்திய ஆய்வுதான், கே.எஸ். கிருஷ்ணனோடு 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவில் போய் முடிந்தது.

இன்றைய அறிவில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். நீர் மூலக்கூறின் அதிர்வுகள் சிவப்பு ஒளியைச் சற்றே விழுங்குகின்றன. வாளி ஆழத்தில் அது தெரியாது, பல மீட்டர் ஆழத்தில்தான் சிவப்பு தேய்ந்து நீலம் மிஞ்சும். நீல நிறத்தில் பெரும்பங்கு இந்த விழுங்கலுக்கு, மேலே திருப்பி அனுப்பும் வேலை சிதறலுக்கு. உங்கள் கரையோரம் பச்சை கலந்து தெரிவது நுண்பாசியாலும் கலங்கிய மண்ணாலும்.

கேள்விக்குறி எழுதியது:

நனைந்த துணி ஏன் அடர்த்தியாகத் தெரிகிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறதா? தண்ணீருக்கு நிறமில்லையே. கூடவே சொட்டு நீலம் எப்படி வெள்ளையை வெள்ளையாக்குகிறது என்றும் யாராவது சொல்லுங்கள்.

லேப்_டிப் எழுதியது:

நனைஞ்ச துணி விஷயம் எங்களுக்கு முக்கியம். ஈரத்துல ஷேட் பாத்து முடிவு பண்ணவே கூடாது. காஞ்ச துணியில நாருக்கு நடுவுல காத்து இருக்கும். காத்துக்கும் நாருக்கும் ஒளிவிலகல் வித்தியாசம் அதிகம், அதனால ஒளி சீக்கிரமே சிதறி வெளிய வந்துடும். அந்த இடத்துல தண்ணி புகுந்தா வித்தியாசம் குறையுது, ஒளி இன்னும் ஆழமா உள்ள போகுது, சாயம் அதுக்கேத்த மாதிரி அதிகமா விழுங்குது. அதான் அடர்த்தி.

சொட்டு நீலம் கழித்தல்தான். பழசான வெள்ளைத் துணி நீலத்தைக் கொஞ்சம் விழுங்குறதால மஞ்சளாத் தெரியுது. நீலம் போட்டா அது மஞ்சள் பக்கத்தை விழுங்கிச் சமன் பண்ணிடும். மொத்த ஒளி உண்மையில குறையுது, ஆனா மஞ்சள் போயிடுறதால கண்ணு வெள்ளைன்னு எடுத்துக்குது. வாஷிங் பவுடர்ல இருக்கற ஆப்டிகல் பிரைட்னர் வேற ரகம். அது கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை வாங்கி நீல ஒளியா வெளிய விடும். அதுல ஒளி கூடுது. கேபினட்ல யூவி போட்டா வெள்ளைச் சட்டை பளீர்னு ஒளிரும். சாதாரண எல்இடியில புறஊதா கிடையாது, அதனால வெயில்ல அடிக்கிற அந்தப் பளிச் கடைக்குள்ள வராது.

கேள்விக்குறி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. ஒரு பொருளின் நிறம் நிறமியால் வந்ததா, மயில்போல் அமைப்பால் வந்ததா என்று கருவி இல்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? திருப்பிப் பார்த்து மாறினால் அமைப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

கரிச்சான் எழுதியது:

திருப்பிப் பார்ப்பது மட்டும் போதாது. மயில் கழுத்துப் பட்டு திருப்பினால் மாறுகிறது, ஆனால் அது சாயம். பனங்காடை இறக்கையை விரிக்கும்போது தெரியும் நீலம் எந்தப் பக்கம் பார்த்தாலும் அநேகமாக அப்படியே இருக்கிறது, ஆனால் அது சாயம் இல்லை. ராமன் 1934இல் பனங்காடைச் சிறகின் நிறத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். இத்தகைய நீல இறகுகளின் உள்ளே கெரட்டின் நுண்துளைகள் நிறைந்த நுரைபோல் இருக்கும். துளைகளுக்கிடையே தூரம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தாலும் வரிசை எந்தத் திசையிலும் ஒழுங்காக இல்லை. அதனால் எல்லாத் திசையிலும் ஒரே நீலம் வருகிறது.

இறகு என்றால் முதுகுப்பக்கமிருந்து வெளிச்சம் வரும்படி சன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். கிளியின் பச்சையில் மஞ்சள் நிறமியும் நீல அமைப்பும் சேர்ந்திருப்பதால் பச்சை குன்றி மங்கும். மயிலிறகும் பனங்காடை இறகும் வெறும் பழுப்பாகத் தெரியும். நிறமி ஒளியைக் கழிக்கிறது, அதனால் ஊடுருவி வருவதிலும் அதே நிறம் இருக்கும். அமைப்பு நீலத்தை முன்பக்கம் திருப்பி அனுப்பிவிடுகிறது, பின்னால் வருவதில் நீலம் இராது. பட்டாம்பூச்சிச் சிறகானால் துளி ஸ்பிரிட் வைத்துப் பார்க்கலாம். தென்னமெரிக்க மார்போவின் நீலச் சிறகு ஸ்பிரிட் பட்டதும் பச்சையாகி, காய்ந்ததும் நீலத்துக்குத் திரும்பும். காற்று இருந்த இடத்தில் திரவம் புகுந்து அடுக்குகளின் ஒளித்தொலைவை மாற்றிவிடுவதுதான் காரணம்.

நெய்தல் எழுதியது:

சிப்பிக்குள் இருக்கும் வானவில் மினுக்கத்தையும் இப்படிப் பார்க்கலாமா? அதைத் தேய்த்தாலும் போவதில்லை, ஸ்பிரிட் ஊற்றினாலும் மாறவில்லை.

கரிச்சான் எழுதியது:

அதுவும் அமைப்புதான். கால்சியம் கார்பனேட் தகடுகள் ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் அளவு கனத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன, நடுவே மெல்லிய புரதப் படலம். காற்று இடைவெளி இல்லாததால் திரவம் புக இடமில்லை, ஆகவே ஸ்பிரிட் சோதனை அங்கே பலிக்காது. சாய்த்துப் பாருங்கள், பச்சையும் இளஞ்சிவப்பும் இடம் மாறும்.